விலை நடுங்கும் முன்: போடி ஏலக்காய்ச் சந்தையும் நிலைகுலைவின் முன்னறிகுறிகளும்

2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்துப் புற்றடி ஏல மையத்தில் ஒரு லாட் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை கண்டிராத விலை. 2022 கோடையில் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. இடையில் மூன்று ஆண்டுகூட நிறையவில்லை. உச்சத்தில் விற்க உலர்த்தும் ஸ்டோரில் காய் இல்லாத தோட்டக்காரருக்கும், உச்சத்தை நம்பிக் கடன் வாங்கிப் புதுச்செடி நட்டவருக்கும் எழக்கூடிய கேள்வி ஒன்றுதான்: இது முன்கூட்டியே தெரிந்திருக்க முடியாதா?

இதே கேள்வியைச் சூழலியலாளர்கள் ஏரிகளைப் பற்றியும், பொருளியலாளர்கள் நாணயங்களைப் பற்றியும், கணினிப் பொறியாளர்கள் சர்வர்களைப் பற்றியும் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். பல கைகளைக் கடந்து தகவல் ஓடும் ஓர் அமைப்பு குலைவதற்கு முன் என்ன காட்டுகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பது இன்று தனி ஆய்வுத் துறையாகவே வளர்ந்திருக்கிறது. அந்த ஆய்வுகள் சொல்வதைப் போடி ஏலக்காய்ச் சந்தையில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: விலைதான் கடைசியாக நடுங்குகிறது. அதற்கு முன்பே நடுங்குபவை, விலையை உருவாக்கும் தகவல்கள் வரும் வழிகள். நாம் அளப்பதோ பெரும்பாலும் விலையை மட்டும்.

காய் எப்படி எண்ணாகிறது

போடி (போடிநாயக்கனூர்) தேனி மாவட்டத்தின் மலையடிவாரத்து ஊர். ஏலக்காய் விளைவது மேலே, போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம். தோட்டம் கேரளத்தில், வீடும் வியாபாரமும் தமிழ்நாட்டில் என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் விடியும் முன்பே ஜீப்பில் மலையேறுகிறார்கள்.

காய் எடுப்பு ஆடி, ஆவணி வாக்கில் தொடங்கி மாசி வரை நீளும். ஒரே செடியில் 30 முதல் 45 நாளுக்கு ஒரு முறை என்று பல சுற்று எடுப்பார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். தரம் பிரித்து, மூட்டை கட்டி, நறுமணப் பொருட்கள் வாரியத்தின் உரிமம் பெற்ற ஏல நிறுவனத்திடம் கொடுத்தால், அது ஒரு லாட் எண்ணாக மாறுகிறது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்து, முன்னாலிருக்கும் கணினித் திரையில் விலையை ஏற்றுகிறார்கள். விலை பிடிக்காவிட்டால் தோட்டக்காரர் லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வாயால் கேட்கும் ஏலம் 2007இல் மின்னணு ஏலமாக மாறியது. 2021 ஜனவரியில் மேகக் கணினி முறை வந்து, போடியில் உட்கார்ந்த வியாபாரி புற்றடி ஏலத்திலும், புற்றடியில் உட்கார்ந்தவர் போடி ஏலத்திலும் கேட்கும் வசதி பிறந்தது. ஒவ்வொரு ஏலமும் முடிந்ததும் வாரியம் ஒரு வரி வெளியிடுகிறது: தேதி, ஏல நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை. மலையில் பெய்த மழை, செடியில் கண்ட அழுகல், கூலிக்கு ஆள் கிடைத்ததா இல்லையா, கான்பூர் பான்மசாலாக்காரரின் தேவை, சவூதி இறக்குமதியாளரின் கெடுபிடி, குவாத்தமாலாவின் அறுவடை என்று எல்லாமே கடைசியில் இந்த ஒரு வரிக்குள் அடங்க வேண்டும். அடங்கும்போது பெரும்பகுதி உதிர்ந்தும் போகிறது.

எதைக் குலைவு என்கிறோம்

இந்த அமைப்பு மூன்று விதமாகக் குலையலாம். முதலாவது விலைக் குலைவு: சில மாதங்களில் விலை மடங்காக ஏறுவதும் பாதியாகச் சரிவதும். இரண்டாவது நம்பிக்கைக் குலைவு: எண்கள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும், ஆனால் அவை சந்தையைக் காட்டா. ஒரு முறை ஏலத்தில் விற்ற காயே மறுபடியும் ஏலத்துக்கு வருகிறது என்ற ‘ரீபூலிங்’ புகார் தோட்டக்காரர்களிடம் வெகுகாலமாக உண்டு. அது நடக்கும் அளவுக்கு வரத்துக் கணக்கு ஊதிப்போகும், ஒரே காய் இரண்டு காயாகத் தெரியும். மூன்றாவது இயந்திரக் குலைவு: சர்வரோ இணைப்போ நின்றுபோவது.

மூன்றாவதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம், திரை கறுத்துவிடும். முதலாவதை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் நடந்த பிறகு. இரண்டாவதைத்தான் மிகக் குறைவாக ஆராய்ந்திருக்கிறோம். மற்ற இரண்டையும் மறைப்பதும் அதுவே.

மெதுவாகத் திரும்பும் அமைப்பு

முன்னறிகுறி ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் கருத்து சூழலியலிலிருந்து வந்தது. ஜெர்மானியச் சூழலியலாளர் விசெல் 1984இல் அதன் கணித அடிப்படையைச் சொன்னார். நெதர்லாந்தின் மார்ட்டன் ஷெஃபரும் சக ஆய்வாளர்களும் 2009இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை அதைப் பல துறைகளுக்குக் கொண்டுபோனது. வேகமாகச் சுற்றும் பம்பரத்தை லேசாகத் தட்டினால் உடனே நிமிர்ந்துவிடும். வேகம் தளர்ந்த பம்பரம் அதே தட்டுக்கு நெடுநேரம் தலையாட்டிவிட்டுத்தான் நிமிரும். குலைவை நெருங்கும் அமைப்பும் அப்படித்தான். சிறு அதிர்ச்சியிலிருந்து மீள அது எடுத்துக்கொள்ளும் நேரம் கூடிக்கொண்டே போகும். எண்களில் இது இரண்டு விதமாகத் தெரியும்: ஏற்ற இறக்கத்தின் வீச்சு பெருகும், இன்றைய எண் நேற்றைய எண்ணோடு மேலும் மேலும் ஒட்டிப்போகும்.

தெளிந்த ஏரி பாசி படிந்து கலங்குவது, மேய்ச்சல் நிலம் பாலையாவது போன்றவற்றில் இந்த அறிகுறிகளுக்குச் சான்றுகள் உண்டு. சந்தைக்கும் இது பொருந்தும் என்ற எதிர்பார்ப்பு 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வலுத்தது. அதைச் சோதித்தவர்களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் விஷ்வேஷ குட்டால் குழு முக்கியமானது. அமெரிக்கப் பங்குக் குறியீடுகளின் நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்து 2016இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பாதி ஆம், பாதி இல்லை. பெருஞ்சரிவுகளுக்கு முன் ஏற்ற இறக்கத்தின் வீச்சு பெருகியது. மீட்சி மெதுவாவதற்கான தடயமோ கிடைக்கவில்லை. அதாவது ஏரி கலங்கும் விதமும் சந்தை சரியும் விதமும் ஒன்றல்ல. ஏரியிடமிருந்து கடன் வாங்கிய அளவுகோல்களில் ஒன்றுதான் சந்தையில் செல்லும்.

போடித் தரவுக்கு இதன் பொருள் நேரடியானது. தினசரி சராசரி விலையின் வீச்சு சில வாரங்களாகப் பெருகுகிறதா என்பதை யார் வேண்டுமானாலும் கணக்கிடலாம். பெருகினால் ஏதோ வருகிறது. மேலேயா கீழேயா, எப்போது என்பதை அந்த எண் சொல்லாது.

கணினிக்காரர்கள் கற்ற பாடங்கள்

கணினித் துறையின் அனுபவம் வேறொரு கோணத்தைத் தருகிறது. ஒரு சர்வர் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய, அது சீரான இடைவெளியில் அனுப்பும் துடிப்பைக் கவனிப்பார்கள். துடிப்பு வராவிட்டால் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது பழைய முறை. 2004இல் ஜப்பானில் ஹயாஷிபாராவும் சக ஆய்வாளர்களும் சொன்ன முறை, ‘ஆம், இல்லை’ என்று சொல்வதற்குப் பதில், தாமதம் கூடக்கூடச் சந்தேகத்தின் அளவைக் கூட்டிக்கொண்டு போகும். எந்த அளவு சந்தேகத்தில் என்ன செய்வது என்பதைப் பயன்படுத்துபவர் தீர்மானிக்கலாம். முன்னெச்சரிக்கை படிப்படியாக வர வேண்டும் என்பது இதன் பாடம்.

இரண்டாவது பாடம் 2021இல் நேதன் புரோன்சனும் சக ஆய்வாளர்களும் விவரித்த ஒருவகைக் குலைவு. சிறு நெருக்கடி ஒன்று அமைப்பைத் தள்ளிவிடுகிறது. நெருக்கடி தீர்ந்த பிறகும் அமைப்பு எழவில்லை. ஏனெனில் அதற்குள்ளேயே ஒரு சுழற்சி தொடங்கிவிட்டது. பதில் வராத கணினிகள் மறுபடி மறுபடி கேட்க, அந்தக் கேள்விகளின் பாரமே சர்வரை எழவிடாமல் அமுக்குகிறது. விலை இறங்கும்போது மலையிலும் இதுவே நடக்கும். கூலிக்கும் உரத்துக்கும் பணம் வேண்டிய சிறு தோட்டக்காரர் கையிலிருப்பதை அவசரமாக விற்கிறார், வரத்து கூடுகிறது, விலை இன்னும் இறங்குகிறது. விலை ஏறும்போது தலைகீழாக, இருப்பு வைத்திருப்பவர் பிடித்து வைக்கிறார், வரத்து குறைகிறது, விலை இன்னும் ஏறுகிறது. தள்ளிவிட்ட காரணத்தைத் தேடுவதோடு, சுழற்சி தொடங்கிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது பாடம் பிணைப்பைப் பற்றியது. அமெரிக்காவின் திரீ மைல் தீவு அணு உலை விபத்தை ஆராய்ந்த சார்லஸ் பெரோ, 1984இல் எழுதிய நூலில், இறுகப் பிணைந்த சிக்கலான அமைப்புகளில் விபத்து இயல்பானது என்றார். ஒரு மூலையின் பழுது தடுக்க நேரமின்றி மறுமூலைக்குப் பாய்ந்துவிடும். 2021 பிப்ரவரி 24 அன்று மும்பை தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் காலை 11.40க்கு நின்றது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் தொடங்கிய கோளாறு இடர் கண்காணிப்பு வரை பாய்ந்திருந்தது. மாலை 3.45க்குத்தான் மீண்டும் தொடங்க முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் போடியும் புற்றடியும் ஒரே மேகக் கணினியில் இணைந்திருந்தன. இணைப்பால் போட்டி கூடும், தோட்டக்காரருக்கு நல்லது. ஆனால் இரு மையங்கள் தனித்தனியே நடந்தபோது ஒன்றின் விலையைக் கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்க முடிந்தது. இணைந்த பிறகு அந்தச் சரிபார்ப்பு மங்குகிறது. அதன் இடத்தை வேறொன்றால் நிரப்பியாக வேண்டும்.

2018 முதல் 2022 வரை, திரும்பப் படித்தால்

இந்த அளவுகோல்களோடு நம் சரிவைத் திரும்பப் பார்க்கலாம். 2017-18இல் இந்தியாவின் சிற்றேலக்காய் உற்பத்தி 20 ஆயிரம் டன்னுக்கு மேல். 2018 ஆகஸ்டில் இடுக்கியை வெள்ளமும் மண்சரிவும் உலுக்கின. செடிகள் சாய்ந்தன, ஈரத்தில் அழுகல் பரவியது. 2018-19 உற்பத்தி 13 ஆயிரம் டன்னை ஒட்டி நின்றது. அடுத்த ஆண்டு 11 ஆயிரம் சொச்சம். ஆனாலும் 2018 டிசம்பர் வரை ஏலச் சராசரி இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. ஏறக்குறைய பாதி விளைச்சலை இழக்கப்போகும் ஒரு பயிரின் விலை நான்கைந்து மாதம் அதைக் காட்டிக்கொள்ளவே இல்லை.

தகவல் இல்லாமலில்லை. மலையில் செடியைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது ஏலக் கூடத்தின் எண்ணாக மாற, அடுத்தடுத்த சுற்றுகளில் காய் குறைந்தாக வேண்டும். பழைய இருப்பு தீர்ந்தாக வேண்டும். இடைவெளியில் இருப்பு எவ்வளவு என்று எவரும் திரட்டவில்லை. 2019 கோடையில் இருப்பு தீர்ந்தபோது விலை ஏறாமல் துள்ளியது. ஆகஸ்டில் 7,000 தொட்ட நாளிலும் சராசரி அதற்கு வெகு கீழேதான் இருந்தது. உச்சத்துக்கும் சராசரிக்கும் இடையே அவ்வளவு பிளவு விழுவது, ஒரே கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பொருளின் மதிப்பைப் பற்றி ஒத்துப்போகாமல் இருப்பதன் அடையாளம். செய்தித்தாள்கள் உச்சத்தைத் தலைப்பாக்கின, கவனத்துக்குரியது பிளவு.

சரிவுக்கும் அப்படியே. 2020 மார்ச்சில் ஊரடங்கால் ஏலங்கள் நின்று மே இறுதியில்தான் மீண்டன. சோதனைச் சாவடிகள் மூடப்பட்டுத் தேனியிலிருந்து ஆட்கள் மலையேற முடியவில்லை. இரண்டு மாதம் அமைப்பில் துடிப்பே இல்லை. மறுபுறம், நல்ல மழையும் உச்சவிலை தூண்டிய பராமரிப்பும் சேர்ந்து 2020-21 உற்பத்தியை 22 ஆயிரம் டன்னுக்கு மேல் கொண்டுபோயின. இன்றைய விலையைப் பார்த்து நடுவது, விளைந்து வரும்போது எல்லோருடைய காயும் சேர்ந்து வந்து விலையைச் சாய்ப்பது என்ற இந்தச் சுழலுக்கு நிக்கோலஸ் கால்டர் 1934இலேயே ‘சிலந்தி வலை’ என்று பெயர் வைத்துவிட்டார். ஏலக்காய் நட்ட இரண்டு, மூன்று ஆண்டில் காய்க்கத் தொடங்கும். ஆகவே 2019இல் நாற்று விற்பனையை எண்ணியிருந்தால் 2022இன் வரத்தைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கும்.

பொய் மணியின் கணக்கு

இப்படித் திரும்பப் படிப்பதில் ஆபத்தும் உண்டு. சரிவு நடந்த காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அறிகுறி தேடினால் கட்டாயம் கிடைக்கும். அதே அறிகுறி தோன்றிச் சரிவு வராமல் போன காலங்களை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. கார்ல் பெட்டிகரும் ஆலன் ஹேஸ்டிங்ஸும் 2012இல் முன்னறிகுறி ஆய்வுகளில் இந்தப் பிழையை எடுத்துக்காட்டினார்கள். நாணய நெருக்கடிகளுக்கு அறிகுறிப் பட்டியல் தயாரித்த கமின்ஸ்கி, லிசோண்டோ, ரெய்ன்ஹார்ட் மூவரும் 1998இலேயே ஒவ்வோர் அறிகுறியையும் அது அடித்த உண்மை மணிக்கும் பொய் மணிக்குமான விகிதத்தால் மதிப்பிட்டார்கள்.

கணக்குக்காக ஓர் உதாரணம். ஆண்டுக்கு 300 ஏல நாள். அவற்றில் மூன்று நாள் உண்மையான குலைவின் தொடக்கம் என்று கொள்வோம். அந்த மூன்றையும் தவறாமல் பிடிக்கும் கருவி, மற்ற நாட்களில் நூற்றுக்கு ஐந்து முறை தவறாக ஒலித்தாலே ஆண்டுக்குப் பதினைந்து பொய் மணி. மொத்தம் பதினெட்டில் பதினைந்து பொய். இரண்டாம் ஆண்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். குலைவு அரிதாக நிகழும் அமைப்பில் ஒற்றைக் கருவியை நம்ப முடியாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. வேறு வேறு வழியில் வரும் இரண்டு, மூன்று அறிகுறிகள் ஒரே நேரத்தில் எழுந்தால்தான் கவலைப்படலாம்.

அளவெடுக்கும் இடைவெளியும் முக்கியம். போடிக்கு மேலே குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைக் குடித்தது. காட்டுத்தீயைக் காட்டும் ஒரு செயற்கைக்கோள் ஓர் இடத்தை நாளைக்கு இரண்டு முறை போலத்தான் கடக்கும். காய்ந்த போதைப்புல்லில் காற்றோடு ஏறும் தீ அதுவரை காத்திருக்காது. குலையும் வேகத்தைவிட அளக்கும் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும். ஏலக்காயில் விலையை அன்றன்று அளக்கிறோம், அது போதும். விளைச்சலை ஆண்டுக் கணக்கில் அளக்கிறோம். 45 நாளுக்குள் நிலைமை மாறிவிடும் பயிருக்கு அது போதாது.

எச்சரிக்கையைப் படிக்கும் சந்தை

போடிமெட்டு வழியே ஏறி மூணாறு போனால், அந்தோணியார் காலனிச் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகம் மண்ணுக்குள் புதைத்த உணரிகள் உண்டு. மண்ணிடுக்குகளில் நீரழுத்தம் ஏறுவதை அளந்து மண்சரிவு எச்சரிக்கை தரும் அந்த அமைப்பு 2009 வாக்கிலிருந்து இயங்குகிறது. மண்ணுக்கு ஒரு நல்ல குணம்: எச்சரிக்கை வந்தது தெரிந்து அது நடத்தையை மாற்றிக்கொள்ளாது.

சந்தை மாற்றிக்கொள்ளும். விலை சரியும் என்று வாரியமே அறிவித்தால் எல்லோரும் அன்றே விற்று, அறிவிப்பே சரிவாகும். ஓர் எண்ணை வைத்துக் கண்காணிக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த எண்ணை அழகாக வைத்துக்கொள்ளும் வழி பிறக்கும். சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன இந்த விதி, வரத்துக் கணக்குக்கும் அப்படியே செல்லும். எனவே சந்தைக்கு விலைக் கணிப்பை எச்சரிக்கையாகத் தருவது பயனற்றது, சில நேரம் தீங்கானது. தரத்தக்கது அமைப்பின் ஆரோக்கியத்தைப் பற்றிய செய்தி.

எதைக் கவனிப்பது

ஆய்வுகளையும் நம் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து இடங்களில் கண் வைக்கலாம். ஒன்று, உச்ச விலைக்கும் சராசரிக்கும் உள்ள பிளவு. இரண்டு, வந்த எடையில் விற்காமல் திரும்பும் பங்கு. தோட்டக்காரரின் மதிப்பீடும் வியாபாரியின் மதிப்பீடும் விலகத் தொடங்குவதை அது காட்டும். இவ்விரண்டும் இன்றைய தினசரி வரியிலேயே இருக்கின்றன. கழித்துப் பார்க்க வேண்டியதுதான். மூன்று, ஒவ்வொரு லாட்டையும் உண்மையில் எத்தனை பேர் கேட்டார்கள் என்பது. 2010 மே 6 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து மீண்டபோது, விலை விழுவதற்கு முன்பே வாங்க நிற்பவர்களின் அடர்த்தி குறைந்துபோயிருந்தது. மின்னணு ஏலத்தில் இந்தக் கணக்கு இயந்திரத்திலேயே பதிவாகக்கூடியது. நான்கு, ஏலத்துக்குத் திரும்ப வரும் காயின் அளவு. ஐந்து, வியாபாரியிடமிருந்து தோட்டக்காரருக்குப் பணம் வந்துசேர ஆகும் நாட்கள். கடன் இறுகுவது விலையில் தெரிவதற்கு முன் இதில் தெரியும்.

இவற்றோடு மலையின் செய்தியும் சேர வேண்டும். மயிலாடும்பாறையில் 1978 முதல் இயங்கும் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே இருக்கின்றன. மாதிரித் தோட்டங்கள் சிலவற்றில் சுற்றுக்கு ஒரு முறை காய்ப்பிடிப்பையும் அழுகலையும் எண்ணி வெளியிட்டாலே, 2018இல் கண்ட நான்கைந்து மாத இடைவெளி ஒன்றரை மாதமாகச் சுருங்கும். 2024 கோடை வறட்சியில் செடிகள் கருகியபோதும் இதே தேவை எழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் விலை மூவாயிரத்தை ஒட்டிப் போனது.

இதில் யாருக்கு என்ன பயன் என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். பெரிய வியாபாரிக்கு இந்த அறிகுறிகள் ஏற்கெனவே தெரியும். குவாத்தமாலாவிலிருந்து அவருக்குத் தொலைபேசி வருகிறது, கூடத்தில் யார் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் இருப்பது இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு. முன்னறிகுறி ஆய்வு சரிவைத் தடுத்துவிடும் என்று எந்த ஆய்வாளரும் உறுதி தரவில்லை. உச்சத்தில் நடாமல் இருக்கவும், பிளவு விரியும் வாரங்களில் இருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கவும், கடனை ஒரு பருவம் தள்ளிப்போடவும் அது உதவும். அதற்குத் தேவைப்படுவது புதுக் கணிதமோ விலையுயர்ந்த கருவியோ இல்லை. வாரியம் அன்றாடம் வெளியிடும் அந்த ஒரு வரியில், கேட்டவர்களின் எண்ணிக்கை, ஏலத்துக்குத் திரும்ப வந்த காயின் எடை என்று இரண்டு கட்டங்கள் கூடினால் தொடங்கிவிடலாம்.